சி படிவமும் மாடி வீட்டு அக்காவும்

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் சீசனுக்கு ஒரு முறையாவது இந்த டயலாக் காதில் விழும். "இந்த ஃபாரின்காரங்களை எல்லாம் கவர்மெண்டு இன்னும் டைட் பண்ணணும் சார். யார் வர்றான், யார் போறான்னே தெரியல." சொல்பவர் பெரும்பாலும் நல்ல மனிதர்தான். அவரே அடுத்த டீக்கு வேறு டயலாக் வைத்திருப்பார். "பையனுக்கு அமெரிக்கா விசா இண்டர்வியூ சார். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாத்தையும் பூட்டாம திறந்து வைக்கணுமாம். என்ன அநியாயம் பாருங்க!"

இரண்டு டீக்கும் நடுவில் ஐந்து நிமிடம்கூட இருக்காது.

டைட் பண்ணுவதில் தப்பே இல்லை. யாரை, எங்கே, எதற்காக டைட் பண்ணுகிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை என்பதுதான் தப்பு. விமான நிலையத்தில் முடிக்க வேண்டிய வேலையை, ரமணாசிரமம் பக்கம் மாடி போர்ஷனை வாடகைக்கு விடும் ஒரு அக்காவின் தலையில் கட்டிவிட்டு, அதற்குப் பெயர் எல்லைப் பாதுகாப்பு என்கிறார்கள். செங்கம் ரோட்டில் எந்த எல்லை இருக்கிறது?

கொஞ்சம் விவரம் பார்த்துவிடுவோம். விசாவே இல்லாமல் இந்தியாவுக்குள் வரக்கூடியவர்கள் ரொம்பக் குறைவு. நேபாளம், பூட்டான் குடிமக்கள் வரலாம். மாலத்தீவுக்காரர்கள் 90 நாள் வரை சுற்றுலாவுக்கு வரலாம். மற்றவர்களுக்கு ஏதோ ஒரு விசா வேண்டும். திருவண்ணாமலைக்கு வரும் ஜெர்மனிக்காரரும் ரஷ்யாக்காரரும் இன்று பெரும்பாலும் வைத்திருப்பது இ-விசா. 2014 நவம்பர் 27ஆம் தேதி 43 நாடுகளுக்கு என்று ஆரம்பித்தது, இன்று 160க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு உண்டு. தூதரக வாசலில் கால் கடுக்க நிற்க வேண்டாம், வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். உடனே, "கதவைத் திறந்து போட்டுட்டாங்க" என்று ஒரு பேச்சு.

அப்படி ஒன்றும் திறந்து போடவில்லை. அந்த விண்ணப்பத்தை ஒரு முறை படித்துப் பார்த்தால் தெரியும். அப்பா பிறந்த ஊர், அம்மா பிறந்த ஊர், தாத்தா பாட்டிக்குப் பாகிஸ்தான் தொடர்பு உண்டா, கடந்த 10 வருடத்தில் போன நாடுகள் என்று போய்க்கொண்டே இருக்கும். வந்து இறங்கியதும் கைரேகை, போட்டோ. கண்ட இடத்தில் நுழைய முடியாது, அரசு குறித்துக் கொடுத்த விமான நிலையம், துறைமுகம் மாதிரியான வாசல்களில் மட்டும்தான். விமானக் கம்பெனி பயணிகள் விவரத்தை முன்கூட்டியே அனுப்பியாக வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் இ-வருகை அட்டை வேறு. ஒரு ஆளைச் சலித்தெடுக்க இத்தனை சல்லடை இருக்கிறது. ஆளும் இருக்கிறார்கள், மிஷினும் இருக்கிறது, சம்பளமும் போகிறது.

இதற்கு மேல் வந்ததுதான் 2025ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒரே வாரத்தில் நிறைவேற்றி, 2025 செப்டம்பர் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. 1920, 1939, 1946, 2000 என்று நாலு பழைய சட்டங்களைத் தூக்கிவிட்டு ஒரே சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்களைத் தூக்கியதற்குக் கை தட்டலாம். விசா காலம் முடிந்தும் தங்கியவருக்கு முன்பு 5 ஆண்டு வரை சிறை, இப்போது 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். சரியான பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு, 5 லட்சம். போலிப் பாஸ்போர்ட் என்றால் 2 முதல் 7 ஆண்டு, 1 லட்சம் முதல் 10 லட்சம். இதிலெல்லாம் சண்டை போட ஒன்றும் இல்லை. போலிப் பாஸ்போர்ட்டோடு வருபவனுக்கு மாலை போட்டா வரவேற்க முடியும்?

ஆனால் வெள்ளைக்காரன் காலத்து புத்தி அப்படியே தங்கிவிட்டது. தங்க இடம் கொடுப்பவர் தகவல் தர வேண்டும், சேர்த்துக்கொண்ட கல்லூரி தர வேண்டும், அட்மிட் செய்த ஆஸ்பத்திரி தர வேண்டும். வெளிநாட்டினர் அதிகம் புழங்கும் ஓர் இடத்துக்கு வருபவர்கள் சரியில்லை என்று அதிகாரிக்குத் தோன்றினால், அந்தக் கடையை மூடச் சொல்லலாம், வெளிநாட்டினரை உள்ளே விடாதே என்று உத்தரவு போடலாம். இது 1946ஆம் ஆண்டுச் சட்டத்திலும் உண்டு, புதியதிலும் உண்டு. பெரிய நகரத்தில் இதை ஒருவரும் கவனிக்கப் போவதில்லை. செங்கம் ரோட்டில் காபிக் கடை, சாப்பாட்டுக் கடை, துணிக்கடை வைத்திருப்பவர்களுக்கு இது கழுத்துக்கு மேல் தொங்கும் விஷயம்.

இந்தக் கெடுபிடியால் ஆபத்தான ஆள் மாட்டுவான் என்றாலாவது பொறுத்துக்கொள்ளலாம். மாட்டுவானா? அதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

2008 நவம்பர் 26, மும்பை. துப்பாக்கியோடு வந்த பத்துப் பேரும் கராச்சியிலிருந்து கடல் வழியாக வந்தார்கள். ஒருவனிடமும் விசா இல்லை. அவர்களுக்கு முன்னால் வந்து இடங்களை வேவு பார்த்துக் கொடுத்தவன் டேவிட் ஹெட்லி. சொந்தப் பெயர் தாவூத் கிலானி, அமெரிக்கக் குடிமகன். 2006இல் பெயரை மாற்றிக்கொண்டு, அந்தப் புதுப் பெயரில் பாஸ்போர்ட் வாங்கி, 2006க்கும் 2008க்கும் நடுவில் ஐந்து முறை மும்பைக்கு வந்து போனான். தாக்குதல் முடிந்த பிறகு 2009இல்கூட இந்தியா வந்திருக்கிறான். அவனிடம் இருந்தது சுற்றுலா விசாவே இல்லை, பிசினஸ் விசா. மும்பையில் அவன் திறந்து வைத்திருந்த ஆபீஸ் என்ன தெரியுமா? வெளிநாடு போகிறவர்களுக்கு விசா, குடியேற்ற வேலை பார்த்துக் கொடுக்கும் ஆபீஸ்! தாஜ் ஹோட்டலிலேயே தங்கியும் இருக்கிறான். வெளிநாட்டுக்காரர் தங்கினால் படிவம் அனுப்ப வேண்டும் என்ற விதி அப்போதும் இருந்தது. தாஜ் மாதிரி ஹோட்டல் அதை நிரப்பாமலா அறைச் சாவியைக் கொடுத்திருக்கும்? தாள் ஒழுங்காகத்தான் போயிருக்கும். போன இடத்தில் அதைப் படித்து, ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்க்க ஆள் இல்லை.

2009 அக்டோபரில் அவனை அமெரிக்காவில் பிடித்தார்கள். டெல்லி என்ன செய்தது? அந்த வருடக் கடைசியில் ஒரு விதி போட்டது. சுற்றுலா விசாவில் வந்து வெளியே போனவர், திரும்பி வர இரண்டு மாத இடைவெளி விட வேண்டும். பிசினஸ் விசாவில் வந்தவன் செய்த வேலைக்கு டூரிஸ்டுக்குத் தண்டனை. கடல் வழியாக வந்தவர்களுக்காக விமானத்தில் வருபவருக்குத் தடை. அப்போது வெளியுறவுத் துறை இணையமைச்சராக இருந்த சசி தரூரே, கொலைகாரர்கள் விசா வாங்கிக்கொண்டு வரவில்லையே என்று ட்விட்டரில் கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்த விதி உண்மையில் யார் மேல் விழுந்தது என்றால், திருவண்ணாமலை மாதிரி ஊர்களுக்கு வருபவர்கள் மேல்தான். ஆறு மாத விசாவில் வந்து, நடுவில் இலங்கைக்கோ நேபாளத்துக்கோ ஒரு நடை போய்விட்டுத் திரும்பி வந்து, தீபம் பார்த்து, மார்ச் வெயில் ஆரம்பித்ததும் மூட்டை கட்டுகிற ஆட்கள். டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்று பத்தே நாளில் பார்த்துவிட்டு ஓடுபவருக்கு இரண்டு மாத இடைவெளி ஒரு பொருட்டா? வருடா வருடம் ஒரே ஊருக்கு வந்து, ஒரே வீட்டில் தங்கி, ஒரே கடையில் பால் வாங்குபவருக்குத்தான் அடி. 2012 கடைசியில், ஒரு சில நாட்டினரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அந்த விதியை அரசே எடுத்துவிட்டது. அந்த மூன்று வருடத்தில் அந்த விதியால் இன்ன தீவிரவாதி மாட்டினான் என்று ஒரு பெயரைக்கூட அரசு சொல்லவில்லை.

இப்போது மாடி வீட்டு அக்காவுக்கு வருவோம். கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் ரமண நகரிலும் பெரும்பாக்கம் ரோட்டிலும் கதவைத் தட்டினால் இப்படிப் பத்துப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். கடன் வாங்கி மாடியில் ஓர் அறையும் பாத்ரூமும் கட்டியிருக்கிறார்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை அதில் ஒரு இத்தாலிக்காரப் பாட்டி தங்குவார். அந்த வாடகையில்தான் பெண்ணின் காலேஜ் ஃபீஸ்.

பாட்டி வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் அக்கா 'சி படிவம்' அனுப்ப வேண்டும். (புதிய விதிகள் வந்தாலும் ஊரில் எல்லோர் வாயிலும் அது சி படிவம்தான்.) அதற்கு முதலில் இணையத்தில் தன் வீட்டையே பதிவு செய்து, அனுமதி வாங்கி, பாஸ்வேர்ட் வைத்திருக்க வேண்டும். பிறகு பாஸ்போர்ட் எண், விசா எண், இரண்டும் வழங்கப்பட்ட ஊர், தேதி, இந்தியாவுக்குள் நுழைந்த நாள், இதற்கு முன் இருந்த இடம், அடுத்துப் போகும் இடம், போட்டோ. எல்லாம் ஆங்கிலத்தில். அக்கா படித்தது பத்தாவது. பிரவுசிங் சென்டர் பையனிடம் காசு கொடுத்து நிரப்புகிறார். அவன் ஓர் எண்ணைத் தப்பாக அடித்தால் போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டியது அவனல்ல, அக்கா. மாவட்ட எஸ்.பி.தான் இங்கே வெளிநாட்டினர் பதிவு அதிகாரி. ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் வந்தாலே அந்தக் குடும்பத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்காது.

விமான நிலையத்தில் கைரேகை எடுத்த அதிகாரி கையில் ஏற்கெனவே இருக்கும் அதே எண்களை, ஓர் ஆட்டோக்காரர் மனைவி இன்னொரு முறை அடித்து அனுப்புகிறார். இதில் அரசுக்குப் புதிதாகக் கிடைக்கும் தகவல் ஒன்றே ஒன்று, தங்கியிருக்கும் முகவரி. அதற்கு அந்த ஒரு வரி போதும். மிச்சத்தை அவர்களே வைத்திருக்கிறார்கள்.

இதனால் நடப்பது என்ன? வம்பே வேண்டாம் என்று நிறைய லாட்ஜ்காரர்கள் வெளிநாட்டுக்காரர் என்றாலே "ரூம் இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். இது நாடு முழுக்க நடக்கும் சமாச்சாரம். சின்னவர்கள் பயந்து ஒதுங்க, கம்ப்யூட்டரும் மேனேஜரும் வைத்திருக்கும் பெரிய ஹோட்டலுக்கு லாபம். காமர்ஸ் முதல் வருடப் புத்தகத்தில் வரும் பாடம்தான் இது. விதியை நிறைவேற்றும் செலவு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால், ஐம்பது அறை வைத்திருப்பவனுக்கு அது தூசு, ஓர் அறை வைத்திருப்பவருக்கு அது சுமை. விதியை மீற நினைப்பவனுக்கோ இது எதுவுமே செலவில்லை, அவன் படிவமே நிரப்பப் போவதில்லையே.

ஒதுக்கினால் மனிதர் எங்கே போவார்? 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், அண்ணாமலையார் மலையில் ஒரு குகையில் தங்கியிருந்த சீனர் ஒருவரை வனத்துறை ஆட்கள் கண்டுபிடித்தது நினைவிருக்கும். கொரோனா பயத்தில் தங்க இடம் தர ஆளில்லை, அவர் மலைக்குப் போய்விட்டார். பரிசோதித்துப் பார்த்ததில் தொற்று எதுவும் இல்லை. கீழே ஓர் அறை கிடைத்திருந்தால் அவர் எங்கே இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

தேதியிலும் ஒரு வேடிக்கை உண்டு. புதிய சட்டம் அமலுக்கு வந்தது செப்டம்பர் 1 அல்லவா? 1896இல் அதே செப்டம்பர் 1ஆம் தேதிதான் மதுரையிலிருந்து வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பிய 16 வயதுப் பையன் வெங்கட்ராமன் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். எங்கிருந்து வருகிறாய், அடுத்து எங்கே போகிறாய், எத்தனை நாள் தங்குவாய் என்று இந்த ஊர் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்றாவது கேள்விக்கு அவனிடம் பதில் இருந்திருக்காது. அந்தப் பையன் ரமணர் ஆனதால்தான் 1931இல் பால் பிரண்டன் வந்தார். அவர் 1934இல் எழுதிய புத்தகத்தால் மற்றவர்கள் வந்தார்கள். 1935இல் வந்த மேஜர் சாட்விக் இங்கேயே தங்கிவிட்டார். 1950 ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தபோது பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் இதே ஊரில்தான் இருந்தார். செங்கம் ரோட்டின் இன்றைய வியாபாரம் முழுக்க அந்த வரிசையின் வால்தான்.

"அப்போ தப்பு பண்றவனே வரலையா?" என்று கேட்கலாம். வருகிறான். விசா முடிந்தும் கிளம்பாதவர்கள் உண்டு, போதைப் பொருள் வழக்குகள் உண்டு, சுற்றுலா விசாவை வைத்துக்கொண்டு தொழில் நடத்துபவர்கள் உண்டு. பிடிக்கட்டும், வழக்குப் போடட்டும், திருப்பி அனுப்பட்டும். அவர்கள் எல்லோருமே வாசலில் சலிக்கப்பட்டு உள்ளே வந்தவர்கள்தான். விசா முடிகிற தேதி அரசின் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அந்தத் தேதி தாண்டியவர் இன்னும் வெளியே போகவில்லை என்பதும் அதே கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதைப் பார்த்து ஒரு கான்ஸ்டபிளை அனுப்பும் வேலைக்கு அக்கா தேவையில்லை.

படிவத்தின் லட்சணத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதுதான் ரொம்ப வலிக்கிற பக்கம். 2018 ஜூலையில் திருவண்ணாமலைக்கு வந்த ஒரு ரஷ்ய இளம்பெண் மயக்க மருந்து கொடுக்கப்பட்டு வன்கொடுமைக்கு ஆளானதாக வழக்கு. 2025 மார்ச்சில் மலைக்குக் கூட்டிப்போன வழிகாட்டி தன்னை வன்கொடுமை செய்ததாக ஒரு பிரெஞ்சுப் பெண் புகார் கொடுத்து, அவர் கைது செய்யப்பட்டார். வெளிநாட்டினர் யார், எங்கே தங்குகிறார் என்று மணிக்கணக்குப் பார்த்து வாங்கி வைக்கும் அமைப்பு, தனியாக வரும் ஒரு பெண்ணுக்கு "மலைக்கு ஏறத் தடை இருக்கிறது, வழிகாட்டி என்று சொல்லிக்கொண்டு வருபவரை நம்பிப் போகாதீர்கள், ஆபத்தென்றால் இந்த எண்" என்று ஒரு துண்டுச் சீட்டுகூடக் கையில் கொடுப்பதில்லை. வருகிறவரால் ஊருக்கு ஆபத்து என்ற ஒரே கோணத்தில்தான் இந்த விதிகள் யோசிக்கின்றன. ஊரால் வருகிறவருக்கு ஆபத்து என்ற கோணம் எந்தப் படிவத்திலும் இல்லை.

விமான நிலையத்தில் டைட் பண்ணுங்கள் என்பதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதல்ல. புதிய சட்டப்படி, ஒருவரை உள்ளே விடுவதா வேண்டாமா என்பதில் குடியேற்ற அதிகாரியின் முடிவே இறுதி. மேல்முறையீடு என்ற பேச்சு இல்லை. கேரளத்தைப் பல வருடங்கள் ஆராய்ந்த மானுடவியலாளர் பிலிப்போ ஒசெல்லாவை 2022 மார்ச்சில் திருவனந்தபுரத்திலிருந்து அப்படியே திருப்பி அனுப்பினார்கள். இந்தி இலக்கிய அறிஞர் பிரான்செஸ்கா ஓர்சினி ஐந்து வருட இ-விசா இருந்தும் 2025 அக்டோபரில் டெல்லி விமான நிலையத்தைத் தாண்ட முடியவில்லை. முன்பு விசா நிபந்தனையை மீறினார் என்று அதிகாரிகள் தரப்பில் சொன்னார்கள். மீறியிருந்தால் விசாவை முன்கூட்டியே ரத்து செய்து ஒரு மெயில் தட்டியிருக்கலாமே? டிக்கெட் காசாவது மிஞ்சியிருக்கும். யாரைத் தடுக்கிறார்கள், ஏன் தடுக்கிறார்கள் என்று எழுத்தில் கொடுப்பதும், அதை எதிர்த்துக் கேட்க ஒரு வழி வைப்பதும் பாதுகாப்பைக் குறைத்துவிடாது.

உலகமே இந்தப் பக்கம்தான் போகிறது என்பது உண்மை. விசா தேவைப்படாத 42 நாட்டுக்காரர்களும் ஐந்து வருட சமூக வலைதளக் கணக்குகளைக் காட்ட வேண்டும் என்று அமெரிக்கா 2025 டிசம்பரில் முன்மொழிந்தது. ஐரோப்பா 2025 அக்டோபர் 12 முதல் வெளிநாட்டவரின் கைரேகையையும் முகத்தையும் எல்லையிலேயே பதிய ஆரம்பித்தது. இவை எப்படிப்பட்டவை என்பது தனிக் கதை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எல்லாமே ஏறும் முன்னாலும் எல்லைக் கோட்டிலும் நடப்பவை. அரசாங்க ஆள், அரசாங்கச் செலவில் (பல இடங்களில் பயணியின் செலவில்!) செய்வது.

பணக் கணக்கும் கொஞ்சம். 2019இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் சுமார் 1.09 கோடி. 2024இல் சுமார் 99.5 லட்சம். கொரோனாவுக்கு முந்தைய எண்ணைக்கூட அந்த வருடம் எட்டவில்லை. அதே 2024இல் தாய்லாந்து என்ற குட்டி நாட்டுக்குப் போனவர்கள் சுமார் 3.5 கோடி. அதே வருடம் இந்தியாவிலிருந்து வெளிநாடு போன இந்தியர்கள் 3 கோடிக்கும் மேல். டீக்கடை அண்ணன் பையனும் ஒரு நாள் அந்த மூன்று கோடியில் ஒருவன். பாங்காக்கில் அவன் தங்கும் இடத்து அம்மா, "இந்தியாக்காரனா, வேண்டாம்பா, ஸ்டேஷன் வம்பு" என்று கதவைச் சாத்தினால் அண்ணனுக்கு எப்படி இருக்கும்?

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பாஸ்போர்ட் எண்ணை அடித்தால் மற்ற விவரமெல்லாம் தானே வரட்டும், வீட்டுக்காரர் முகவரியையும் வந்த தேதியையும் மட்டும் போடட்டும். முதல் முறை தப்பு நடந்தால் அபராதத்துக்குப் பதில் ஒரு போன் போதும். தீபத்துக்கு முந்தைய மாதம் கலெக்டர் ஆபீஸில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஓர் ஆள் போட்டு, வீடு வாடகைக்கு விடுபவர்களை உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கலாம். அந்த மேசையிலேயே, வந்திருக்கும் விருந்தாளிக்கும் ஒரு துண்டுச் சீட்டு.

அப்புறம், அந்தப் படிவத்தைத் தமிழில் போடுங்கள். பிரவுசிங் சென்டர் பையனுக்கு நஷ்டம்தான். அவன் பொறுத்துக்கொள்வான் :)